உப்புப் பார்த்தவள்

அஞ்சம்மாள் குண்டு. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரும் சுற்றி வளைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊரில் அவள் தெருவில் நடந்து வந்தால், "தோ வருது பாரு சத்துணவு" என்று சிரிப்பார்கள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல்காரி.

சத்துணவு வருவதற்கு முன்னாலும் அவள் குண்டுதான். இரண்டாவது பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்த வருஷத்திலிருந்தே உடம்பு ஊத ஆரம்பித்துவிட்டது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சமையல்காரி குண்டாக இருந்தால் ஊர்ப்பிள்ளைகள் சோறு அவள் வயிற்றில் இருக்கிறது. ஒல்லியாக இருந்தால் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். ஊர் நியாயம் அவ்வளவுதான்.

உண்மையில் அவள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டதே இல்லை. அண்டாவின் அடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றைக்கூடச் சுரண்டி நாய்க்குத்தான் போடுவாள். வாயில் வைப்பது ஒன்றே ஒன்று. மணி அடிப்பதற்கு முன்னால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சாம்பாரும் நாலு பருக்கையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்புப் பார்க்க. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அமைப்பாளர் நடராசன் சொல்லி வைத்தது அது. "புள்ளைங்க சாப்பிடறதுக்கு முன்னாடி நாம வாயில வெச்சிப் பாக்கணும் அஞ்சம்மா. அது ரூலு." நாம என்றாரே தவிர, அவர் ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை. அவர் சைக்கிள் வந்து நிற்கும்போது பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்.

ஊர்ப்பேச்சு அவளைத் தின்றது. புருஷன் முத்துசாமி திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் வேலை செய்கிறவன். "பேசற வாய்க்குப் பூட்டா போட முடியும்? வுடு" என்று அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அவளால் விட முடியவில்லை. இந்த உடம்பு இருக்கும்வரை இந்தப் பேச்சும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. உடம்பு போனால் பேச்சும் போகும்.

முட்டிவலி என்று சாக்குச் சொல்லி விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே வாக்கப்பட்டிருந்த தங்கச்சி அம்சா அவளை ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டரம்மா எடை பார்த்தாள், முட்டியை அமுக்கிப் பார்த்தாள், அப்புறம் கேட்டாள்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"சோறுதான் டாக்டரம்மா. நம்ம வூட்ல வேற இன்னா இருக்குது?"

"சோத்துக்குத் தொட்டுக்கப் பயறு வச்சிக்கிறீங்கல்ல? இனிமே பயறு சாப்பிடுங்க, அதுக்குத் தொட்டுக்கச் சோறு வச்சிக்கோங்க. பசி தாங்கும், உடம்பும் இறங்கும்."

அஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சொன்னது மனசில் நின்றுகொண்டது. பச்சைப்பயறை முளைகட்டிச் சாப்பிடு, கொள்ளு நல்லது, கீரை எவ்வளவு வேண்டுமானாலும், மல்லாட்டை ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், முட்டையில் வெள்ளை மட்டும். மருந்து மாத்திரை ஒன்றும் எழுதித் தராமல், எத்தனை கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அம்சாவுக்குத்தான் அது குறை. "ஊசிகூடப் போடல பாரேன்" என்று பஸ் ஸ்டாண்டு வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அஞ்சம்மாள் வீட்டு அடுப்படியே மாறிப்போயிற்று. ராத்திரி பயறை ஊறப்போட்டு, விடிந்ததும் ஈரத்துணியில் கட்டி ஆணியில் மாட்டிவிடுவாள். மறுநாள் வெள்ளை வெளேரென்று முளை விட்டிருக்கும். அதில் வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக அரிந்து போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தால் காலை ஆகாரம். கொள்ளை வறுத்து வேகவைத்து, வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். வெந்த கொள்ளைக் காய்ந்த மிளகாயோடு அரைத்தால் துவையல். ராத்திரிக்குக் கேப்பைமாவில் முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டு, கல்லில் எண்ணெய் காட்டினேன் என்று பேருக்குக் காட்டி ஓர் அடை. காலையில் அவித்த முட்டை இரண்டு. வெள்ளையில் மிளகுத்தூள் தூவி அவள் சாப்பிடுவாள், மஞ்சள் முத்துசாமிக்கு. மஞ்சளை வீசியெறிய அவர்கள் என்ன ஜமீன் வீட்டுக்காரர்களா? அத்தனை மஞ்சளும் தின்று அவன் மட்டும் சவுக்குக் கட்டை மாதிரியே இருந்தான்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆவி பறக்கும் சோற்றை மலை மாதிரி கொட்டிக் கிளறிவிட்டு, மூலையில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து பயறை மெல்லுவாள். கண்ணில் தண்ணீர் வரும். வெங்காயத்தால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஆனால் உடம்பு இறங்கியது. ரவிக்கைக் கொக்கி இழுக்காமல் மாட்டியது. ஏரிக்கரை மேட்டை மூச்சு வாங்காமல் ஏறினாள். ஒருநாள் கைவளையல் தானாக நழுவி மாவில் விழுந்தபோது, சின்னப் பெண்ணைப் போல் சத்தம் போட்டுச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டால் ஒருத்தரும் அவளைப் பார்த்துச் சத்துணவு என்று சொல்ல முடியாது.

இதில் ஒரே ஒரு தப்புச் செய்தாள். முட்டையை ஊர்க்கடையில் வாங்கவில்லை. வாங்கினால் ஏன், எதற்கு, இரண்டு பெற்ற பிறகு மேனி மினுக்கு எதற்கு என்று கடைவாசலிலேயே ஒரு கச்சேரி நடக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு, மில்லிலிருந்து வரும்போது திண்டிவனம் மார்க்கெட்டிலேயே வாங்கி வரும்படி முத்துசாமியிடம் சொல்லிவிட்டாள். அவன் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவருவான். அந்த வீட்டுக்கு முட்டை வருவதை ஊரில் ஒரு கண்ணும் பார்த்ததில்லை. முட்டையோட்டை மட்டும் அவள் ஒளித்து வைக்கவில்லை. நொறுக்கி வாசலில் இருந்த பன்னீர் ரோஜாச் செடிக்குப் போட்டாள். செடி நன்றாகப் பூத்தது.

அந்த வருஷம்தான் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்திருந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பிள்ளைக்கு ஒரு முட்டை. முட்டை நாளன்று வராத பிள்ளைகள்கூட வந்துவிடும். பிள்ளைகள் அதை உடனே தின்னாது. கன்னத்தில் வைத்து உருட்டும், மோந்து பார்க்கும், பாதியைத் தம்பிக்கு என்று ஜேபியில் போட்டுக்கொள்ளும்.

கோடைக்கு முந்தின ஒரு முட்டை நாள். வேகவைக்கும் முன் தண்ணீரில் போட்டால் கொஞ்சம் முட்டைகள் மேலே மிதந்தன. அஞ்சம்மாள் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். அழுகல் நாற்றம் அடித்தது. போன தடவை கெட்ட முட்டையைக் குப்பையில் போட்டு, ஒரு பொடிசு அதை எடுத்து வாயில் வைக்கப்போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. மிதந்ததையெல்லாம் எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டி உடைத்துப் போட்டு மூடினாள். சார் வரட்டும், காட்டிவிட்டுப் புதைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சார் எப்போது வந்தார், காட்டுவதற்கு?

கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போயின. சாயங்காலம் தாய்மார்கள் அவள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் கோவிந்தம்மாள், எதிர்வீட்டுக்காரி.

"எம்மா அஞ்சம்மா, எம் பேத்திக்கி முட்ட இன்னா ஆச்சி?"

"கெட்டுப்போச்சிக்கா. மெதந்துது. பள்ளம் நோண்டிப் பொதச்சிட்டேன்."

"பொதச்சிட்டியா?" கோவிந்தம்மாளின் கண் ரோஜாச் செடிக்குப் போயிற்று. குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கையில் வெள்ளை வெளேரென்று ஓட்டுத்தூள். "எங்க பொதச்ச? இங்கயா?"

"ஐயோ யக்கா, அது எங்க முட்ட. எங்க வூட்டுக்காரரு டவுன்ல வாங்கியாரது. உடம்பு எளைக்க டாக்டரம்மா துன்னச் சொன்னாங்க."

"உடம்பு எளைக்க முட்ட துன்னச் சொன்னாங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அஞ்சம்மாள் பயறைச் சொன்னாள், கொள்ளைச் சொன்னாள், வெள்ளைக் கருவைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. நேராகப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஓடிக் குழியைத் தோண்டிக் காட்டினாள். நாய்கள் அவளுக்கு முன்னாலேயே தோண்டிவிட்டிருந்தன. நாற்றம் மட்டும் மிச்சம். நாற்றத்தை யார் எண்ணிப் பார்ப்பது?

மறுநாள் பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர் பச்சைமுத்து நல்ல மனுஷன்தான். பேச்சை வளர்த்தாமல் ஒரே அடியாக முடிக்கப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம மாரியாத்தா முன்னால கற்பூரம் ஏத்தறோம். சத்தியம் பண்ணி அணைச்சிட்டு வா. அதுக்கப்புறம் எவனாவது பேசட்டும், நான் கேட்டுக்கிறேன்."

அஞ்சம்மாளுக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. முத்துசாமிதான் முகத்தைச் சுளித்தான். அவளோ வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரக்கூந்தலை முடிந்து, அந்த ரோஜாச் செடியிலிருந்தே ஒரு பூவைப் பறித்துச் செருகிக்கொண்டு போனாள். இத்தனை வருஷப் பேச்சு இன்றோடு தீர்ந்தது என்றுதான் போனாள்.

கோயில் வாசலில் ஊரே இருந்தது. நடராசன் சாரும் வந்து ஓரமாக நின்றார். பச்சைமுத்து கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம்.

"நான் சொல்றத அப்பிடியே சொல்லு. 'புள்ளைங்க சோத்துல ஒரு பருக்ககூட என் வாயில பட்டதில்ல.'"

அஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"'அப்பிடிப் பட்டிருந்தா, என் வவுத்துல பொறந்ததுங்க வெளங்காமப் போவட்டும்.' சொல்லு."

திறந்த வாய் அப்படியே நின்றது. ஒரு பருக்கை. அவள் கண் முன்னால் தன் உள்ளங்கை வந்தது. தினமும் மணி அடிக்கும் முன்னால் நாலு பருக்கை. பெரியவளும் சின்னவனும் கூட்டத்தில் முத்துசாமியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பெரியப்பா, முட்ட எடுக்கலன்னு சத்தியம் பண்றேன். எடுத்துகினு போவலன்னு பண்றேன்."

"பருக்க?"

"உப்புப் பாப்பேன் பெரியப்பா. கையில ஒரு சொட்டு வுட்டு. அது ரூலு. சார் சொல்லிக்கிறாரு. சார், நீங்க சொல்லுங்க சார்."

எல்லோரும் நடராசனைப் பார்த்தார்கள். அவர் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால், நீ எங்கே போயிருந்தாய், நீ ஏன் பார்க்கவில்லை, முட்டை கெட்டபோது நீ எங்கே என்று அடுத்த கேள்வி அவர் பக்கம் திரும்பும். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"பாத்தியா, துன்னேன்னு அவளே சொல்றா" என்றாள் கோவிந்தம்மாள்.

"சத்தியத்தப் பிரிச்சிப் பிரிச்சிப் பண்றாளே" என்றது இன்னொரு குரல்.

அஞ்சம்மாள் கையைத் தூக்கினாள். தாழ்த்தினாள். மறுபடி தூக்கினாள். பொய்ச் சத்தியம் பண்ணிப் பிள்ளைகளைப் பணயம் வைப்பதா, பண்ணாமல் திருடி என்று பெயர் வாங்குவதா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதே கற்பூரம் சின்னதாகி, நீலமாகி, தானாக அணைந்துபோயிற்று. கல்லில் ஒரு கருப்பு வட்டம் மிஞ்சியது. ஆத்தாளே சொல்லிவிட்டாள் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

உடம்பு சரியில்லை, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதி நடராசன் சாரே கொண்டுவந்து கொடுத்தார். "கேஸு கீஸுன்னு போனா பேஜாரு அஞ்சம்மா. உன் நல்லதுக்குத்தான்." அவள் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வது? புதுச் சமையல்காரி வந்தாள். அவள் எதையும் வாயில் வைப்பதில்லை என்று ஊரே மெச்சியது. சின்னவன் மத்தியானம் வந்து, "உப்பே இல்லம்மா" என்றோ "வாயில வெக்க முடியலம்மா" என்றோ சொல்லுவான்.

பயறும் கொள்ளும் வீட்டில் இருந்தன. பழக்கத்தில் அதையே தின்றாள், அதிலும் பாதியை வைத்துவிடுவாள். டாக்டரம்மா சொன்ன எடையும் வந்தது, அதற்குக் கீழேயும் போயிற்று. கழுத்தெலும்பு தெரிந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். பின்னாலிருந்து இரண்டு பேர் பேசியது கேட்டது. அவள் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

"எப்பிடி இருந்தவ, எப்பிடி வத்திட்டா பாரு."

"பின்ன? அங்க போறது நின்னுதில்ல. கொட்டிக்கினது அத்தனையும் புள்ளைங்க சோறுதான."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

அன்று ராத்திரி முத்துசாமி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அவள் தட்டில் சோறு குவிந்திருந்தது. பழைய நாள் மாதிரி, கரை தாண்டி. குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா இது? முட்டி வலி திரும்பி வரப்போவுது."

"வரட்டும் மாமா. நான் குண்டாவணும்." அவள் தலை நிமிரவில்லை. "பழையபடி ஆயிட்டேன்னு வெச்சிக்க. சத்துணவு துன்னாமயே குண்டாதான இருக்கா, இவ உடம்பே அப்பிடித்தான்னு சொல்லுவாங்க இல்ல?"

முத்துசாமி அவளையே பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கும் ஆசைதான், வாய் வரவில்லை.

"சொல்ல மாட்டாங்க அஞ்சம்மா. மூட்ட மூட்டயா கட்டியாந்து வெச்சிக்கிறா, இன்னும் தீரல போலன்னுதான் சொல்லுவாங்க."

அவள் உருட்டிய கவளம் கையில் இருந்தது. அதை வாயில் வைப்பதா, தட்டிலேயே போட்டுவிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழம்பு விரலிடுக்கில் வடிந்து காய்ந்துபோகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.