சம்பந்திக்குத் தெரியக் கூடாது

அப்பாவுக்கு முதலில் நெஞ்சுவலி வந்தது அறுபத்தெட்டாம் வருடம் கார்த்திகையில். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி அவர். டாக்டர் அவர் கையை மூடச் சொல்லிக் காட்டினாராம்.

"உங்க இதயம் இந்தப் பிடியளவுதான் கோவிந்தராசு. ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்கி விரிஞ்சு ஒடம்பு பூரா ரத்தத்தைத் தள்ளுது. அதுக்கு ரத்தம் வர்ற குழாயிலேயே கொழுப்பு அடைச்சா அது என்ன பண்ணும்?"

உப்பும் எண்ணெயும் குறையணும், பீடி கூடவே கூடாது, தினமும் நடக்கணும் என்றாராம்.

அப்பா பிடிவாதக்காரர். பீடியை அன்றைக்கே விட்டார். விடிந்ததும் மணிமுத்தாறு வரை நடந்தார். "மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டுறப்பகூட ஒரு கை உப்பு போடுற, எனக்குக் கெடையாதா?" என்று அம்மாவைச் சீண்டிக்கொண்டே கீரையும் கஞ்சியும் சாப்பிட்டார். மூன்றே மாதத்தில் மூச்சு வாங்குவது நின்றது.

அப்புறம்தான் எனக்குப் பெண்ணாடத்து வரன் வந்தது. நெஞ்சுவலிக்காரர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பயம். ஆற்றுக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையின் அத்தை வீடு. "என்ன மேஸ்திரி, தெனமும் நடக்குறீங்க, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?" என்று அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள். அதோடு நடை நின்றது.

"அம்சவல்லி கல்யாணம் முடியட்டும், காசிக்கே நடக்குறேன்" என்றார் அப்பா.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்திகள் இருவரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "நெய் ஊத்து, சம்பந்திக்கு இன்னும் ரெண்டு வடை வையி" என்று மாற்றி மாற்றி உபசாரம். இரண்டாவது தடவை பாயசம் ஊற்றியபோது அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்தது. இடது கை மடியில் துவண்டு கிடந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையற்கட்டுக் கதவருகே நின்று நான் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் அவரை எழுப்பியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மாப்பிள்ளை வீட்டாரை வண்டியேற்றி அனுப்பிவிட்டு அப்பா வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சம்பந்தி தங்கராசு வந்தார். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "உங்கள ஏமாத்திட்டோங்க, மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரைம்மா. எனக்கும் ரெண்டு வருசமா இருக்குது. பொண்ணு வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு நானும் மறைச்சேன். அன்னிக்கு அவருக்கு வேர்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இது பையிலதான் இருந்துச்சு. எடுத்தா என் சேதி வெளிய வந்துடுமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

அம்மா அவரைத் திட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவராவது சொல்லிவிட்டார். நானும் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் அவர் மகனையே கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.