பார்சலுக்கு வைத்த பொட்டு

போன வருஷம் பூங்கோதை அனுப்பிய சாமை அதிரச மாவு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தீபாவளி முடிந்து, வெடிக் குப்பையைக் கூட்டி, அதன்மேல் ஒரு மழையும் பெய்து ஓய்ந்திருந்தது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தீபாவளி என்றால் வெடி பாதி, கேதார கௌரி நோம்பு பாதி. நோம்புக்கு அதிரசம் சுட்டுப் படைத்தாக வேண்டும். அது இல்லாமல் கடை மைசூர்பாகைச் சாமிக்குக் காட்டி ஏமாற்றிய பெண்கள் அத்தனை பேரும் பூங்கோதையின் ஆன்லைன் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு போட்டிருந்தாள். மாவு நன்றாக இருந்ததாம்.

அந்த அவமானம் பூங்கோதைக்கு வருஷம் முழுக்க நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. அதனால் இந்த வருஷம் புரட்டாசியிலேயே மாவைப் பிசைந்து முந்திக்கொண்டாள். பாகு ஊற்றிய மாவு மாமியாரின் கோபம் மாதிரி, நாளானால் இறுகுமே தவிரக் கெடாது. அனுப்புவதற்கு முன் போனைப் பார்த்து ஒரு சபதமும் போட்டு ஸ்டேட்டஸில் வைத்தாள்.

"இந்த வருசமும் நோம்புக்கு மாவு வந்து சேரலைன்னா, கடைய மூடிக்கினு ஆடு மேய்க்கப் போய்டுவேன். இது சத்தியம்."

அவள் புருஷன் குமரேசன் நல்ல மனுஷன்தான். ஆனால் மலைமேல் இருக்கிற அவர்கள் ஊரான காவலூர் முழுக்க அந்தச் சபதத்தைப் பரப்பியதும் அவன்தான். அதோடு விடாமல், மறுநாளே இரண்டு ஆட்டுக்கு விலையும் விசாரித்து வைத்தான்.

ஆயுத பூஜை வந்தது. டெம்போ வைத்திருப்பவன் டெம்போவுக்குப் பொட்டு வைப்பான், டெய்லர் மெஷினுக்கு வைப்பான். பூங்கோதை விடிந்ததும் குளித்துவிட்டு அடுப்புக்கு வைத்தாள், கரண்டிக்கு வைத்தாள், தராசுக்கு வைத்தாள், போனுக்கும் வைத்தாள். கூடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்குக் காலையிலேயே அவற்றைச் சின்னராஜின் கூரியர் கடையில் கொண்டுபோய் இறக்கினாள்.

சின்னராஜுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஊருக்கு அவர் ஒருவர்தான் கூரியர். பண்டிகைக் காலத்தில் வேலை குறையட்டும் என்று பார்கோடு ஸ்டிக்கர் சுருளையே பூங்கோதையிடம் முன்கூட்டிக் கொடுத்துவிடுவார். அவள் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருவாள். பார்கோடைப் படிக்கிற துப்பாக்கி மாதிரியான கருவி ஒன்று அவர் மேஜைமேல் உண்டு. அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. கோட்டுக்குக் கீழே இருக்கிற எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவார்.

"இந்த தபா முன்னாடியே குடுத்துட்டேன்ணா. லேட்டாச்சின்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"கவலைய வுடும்மா. போய்ச் சேந்துடும்."

பெட்டிகள் மலை இறங்கின. திருப்பத்தூர் தாண்டின. பிறகு ஏதோ ஒரு பெரிய கிடங்கில் போய் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை.

பூங்கோதை தினமும் கடைக்குப் போய் நின்றாள். "லீவும்மா," என்றார் சின்னராஜ். லீவு முடிந்தது. "லீவு முடிஞ்ச கூட்டம்மா," என்றார். அந்தக் கூட்டமும் கரைந்தது. "இப்ப தீபாவளிக் கூட்டம்மா," என்றார். வருஷத்தில் எந்த நாளைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு காரணம் அவரிடம் தயாராக இருந்தது.

மாவுக்குப் பணம் கட்டியிருந்த ராஜேஸ்வரி வேறு சென்னையிலிருந்து விடாமல் போன் போட்டாள். திருப்பத்தூரில் பிறந்து சென்னையில் குடியேறியவள். புது மருமகளுக்கு இதுதான் முதல் நோம்பு. "எங்க சம்பந்தி வூட்டு முன்னாடி என் மானத்த வாங்கிடாதம்மா," என்று கெஞ்சினாள். கடை போய்விடும் என்ற பயம் பூங்கோதைக்கு அப்போதுதான் நிஜமாகவே வந்தது. பயம் வந்தால் அவளுக்கு வாய் நீளும். போனில் இன்னொரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள்.

"நம்ம கூரியர் சின்னராஜ் அண்ணன் என் பெட்டிய அனுப்பாம, பூசையில வெச்சி கும்பிட்டுக்கினு கீறாரு போல. எப்ப வரம் கெடைக்குமோ தெரியல."

வீடியோ மலை முழுக்கச் சுற்றி, மாவு வாங்கியவர்கள் வரைக்கும் போனது. டீக்கடையில் சின்னராஜைப் பார்த்ததும் பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் பாதி டீயில் எழுந்து போனாராம். கேட்டபோது பூங்கோதைக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

நோம்புக்கு முந்தின நாள் காலை அவரே போன் செய்தார். "பெட்டியெல்லாம் திரும்பி வந்துடுச்சிம்மா."

ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெட்டிகளின் பக்கத்தில் சின்னராஜ் தலை குனிந்து நின்றிருந்தார்.

"தப்பு எம்மேலதாம்மா. ஆயுத பூசை அன்னிக்கி கடையில எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். ஒன் பெட்டிக்கும் வெச்சிட்டேன் போல. சரியா பார்கோடு மேல. அங்க மெஷினுக்குக் கோடு தெரியல. ஓரமா தள்ளி வெச்சிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க."

பூங்கோதை குனிந்து பார்த்தாள். வெள்ளை ஸ்டிக்கர் நெற்றி மாதிரி வாகாக இருந்தது. அதன் நட்டநடுவில் மஞ்சள், மஞ்சளுக்கு நடுவில் குங்குமம். அன்றைக்கு வீட்டில் சந்தனம் தீர்ந்துபோய், அவள்தான் மஞ்சளைக் குழைத்துக் கட்டை விரலால் வைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் அவளுடைய கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபதம், ஆடு, குமரேசனின் சிரிப்பு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. அந்த நேரம் பார்த்து ராஜேஸ்வரி கூப்பிட்டாள்.

"இனிமே அனுப்பாத. நாங்க பஸ் ஏறிட்டோம், நோம்புக்குத் திருப்பத்தூர் வர்றோம். சென்னையில வூடு பூட்டி கீது. பார்சல் வந்தாலும் பூட்டுதான் வாங்கணும்."

பூங்கோதைக்குச் சட்டென்று பொறி தட்டியது. மாவு வாங்கிய பெண்கள் ஏறக்குறைய எல்லாருமே இந்த ஜில்லாவிலிருந்து போனவர்கள். தீபாவளிக்கு எல்லாரும் இறங்குகிற இடம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்ட். பெட்டி எதற்கு அவர்களைத் தேடிப் போக வேண்டும்? அவர்களே வந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் செய்தி அனுப்பினாள். ஊருக்கு வராத பெங்களூர்க்காரிகள் ஒன்றிரண்டு பேருக்குப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பலாம்.

"நானே வண்டியில எடுத்தாறேன். டீசலு என்னுது. என் தப்புதான," என்றார் சின்னராஜ்.

பூங்கோதை வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுகிறவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாவு கைக்கு வந்த சந்தோஷம் ஒரு பக்கம், திட்டுவதற்கு நேரில் ஆள் கிடைத்த சந்தோஷம் மறுபக்கம்.

"நீங்கதானா அந்தப் பூசாரி?" என்றாள் ஒருத்தி.

"பெட்டிக்கு மாலை போடலியா?" என்றாள் இன்னொருத்தி.

மருமகளோடு வந்த ராஜேஸ்வரி, "வயசு ஆவுதே தவிர ஒரு பொறுப்பு வேணாமா ஒங்களுக்கு?" என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

சின்னராஜ் அசட்டுச் சிரிப்போடு பெட்டிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பூங்கோதையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவர வுடுங்க," என்றாள். "பார்கோடு மேல பொட்டு வெச்சி, பெட்டிய திரும்பி வர வெச்சது நானு. மஞ்சள் கொழைச்சி, ஒண்ணு வுடாம நானே வெச்சேன். அவரு பேர கெடுத்ததும் நானு. எனக்கு ஒத்த ஸ்டாரே போட்டுக்குங்க."

ராஜேஸ்வரியின் மருமகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்தபடியே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

வண்டி காலியானது. ஒரே ஒரு பெட்டி மீந்திருந்தது. பூங்கோதைக்குச் சின்னராஜின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"திட்டிடுண்ணா."

"எனுக்குத் தெரியும்மா. பெட்டி வந்து எறங்குனதுமே பாத்துட்டேன். நான் வெச்சது சந்தனம். இது மஞ்ச."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒம்மேல போட்டுக்கின?"

"நீ சத்தியம் பண்ணிட்ட. நீ ஆடு மேய்க்கப் போய்ட்டா, அந்த மலையில எனுக்கு யாரும்மா பார்சல் குடுப்பா?"

பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, போனில் அந்த வீடியோவை அழித்தாள். மிச்சமிருந்த பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணிகிட்ட குடு. நாளைக்கி நோம்புக்குச் சுடச் சொல்லு. இதாவது ஒயுங்கா போய்ச் சேருமா?"

சின்னராஜ் பெட்டியை முன் சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"தீபாவளிக் கூட்டம்மா," என்றார்.