மதிலிலிருந்து மூன்றடி

சோபா பழுதுபார்ப்பவர் காலையில் பின்பக்கம் போனபோது புதுக் கொட்டகையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அனுமதியின்றிக் கட்டியது, ஏழு நாளில் அகற்றாவிட்டால் நகராட்சி அலுவலகமே இடிக்கும் என்று அதில் இருந்தது.

கொட்டகை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை எல்லா வேலையும் வீட்டின் முன்னறையில்தான் நடந்தது. ஸ்பஞ்சுத் தூளும் பசை நெடியும் சமையலறைவரை போகும். வீட்டில் குருவி என்று கூப்பிடும் ஆறு வயது மகள் இரண்டு முறை மூச்சுத்திணறி, உதடு நீலமாகி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "தூசிய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்கிட்ட மருந்து கேட்டா எப்படி?" என்றார் டாக்டர். அந்த வாரமே தகரம் வாங்கி வந்து இவரே கொட்டகையைப் போட்டுவிட்டார். அதற்கு அனுமதி வேண்டும் என்பது கனவிலும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் முதல் நாள் வரிசை நகரவே இல்லை. இரண்டாம் நாள் கவுன்ட்டரில் இருந்த அம்மா, "விண்ணப்பம் குடுங்க, மூணு மாசம் ஆகும்" என்றார்.

"நோட்டீஸ்ல ஏழு நாள்தானே மேடம் இருக்கு?"

"அது வேற செக்ஷன்."

பழுதுபார்ப்பவர் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள வேல செஞ்சா என் பொண்ணுக்கு மூச்சு நிக்குது. செய்யலைன்னா அடுப்பு எரியாது. நான் எந்தப் பக்கம் போறது, நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா பேனாவை வைத்தார். "அளவு என்ன?"

"பன்னெண்டுக்குப் பத்து. மதிலுக்கு ஒன்றரை அடி தள்ளி."

"நூறு சதுர அடிக்குள்ள இருந்தா அனுமதியே தேவையில்ல. மதில்லேர்ந்து மூணடி விடணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லும் எந்த அளவையும் அவள் நம்பியதில்லை. டேப்பை வாங்கித் தானே அளந்தாள். "மதில் பக்கம் ரெண்டடிய எடுத்துடுங்க. பன்னெண்டுக்கு எட்டு, தொண்ணூத்தாறு. இடைவெளியும் மூன்றரை வந்துடும்."

உள்ளே இருந்த சோபாக்களை வேறு வழியில்லாமல் முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டு, தகரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆறாம் நாள் மத்தியானம் குருவிக்கு இழுப்பு வந்துவிட்டது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"நானும் வரேன்."

"வந்து என்ன பண்ணப் போறீங்க? திரும்பி இதே தூசிக்குள்ளதானே படுக்க வைக்கணும்? முடிச்சிட்டு வாங்க!"

பைத்தியம் பிடித்தவர்போல் வேலை செய்தார். தகரம் உள்ளங்கையைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை நகராட்சி ஆய்வாளர் வந்தபோது கடைசி ஆணி இறங்கியிருந்தது. மதிலுக்கும் கொட்டகைச் சுவருக்கும் இடைவெளி சரியாக இருந்தது. பிறகு டேப்பைத் தூக்கிப் பிடித்தவர், "கூரை விளிம்புலேர்ந்துதான் கணக்கு. ரெண்டே முக்கால் அடிதான் இருக்கு" என்றார்.

"மூணு அங்குலம் சார்... இருங்க, போயிடாதீங்க, இப்பவே வெட்டிடறேன்." தகரம் வெட்டும் கத்தரியோடு ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடியது. யாரோ அதைப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்.

"புகார் குடுத்தது நான்தான்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். "என் அடுப்படிச் சுவரோரம் பசை டின்ன அடுக்கியிருந்தீங்க. பத்திக்கிச்சுன்னா? ரெண்டு தடவ வந்து கூப்பிட்டேன், உங்க மெஷின் சத்தத்துல கேக்கல. பிள்ளைக்கு முடியலைன்னு நேத்து ஆட்டோ வந்தப்பதான் தெரிஞ்சுது."

பழுதுபார்ப்பவருக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் அந்த டின்களை அங்கே வைத்ததும் தான்தானே. தகரத்தை வெட்டி முடித்தார். ஆய்வாளர் மறுபடி அளந்து, விதிக்குள் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரத்தம் காய்ந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குருவி முகமூடியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது, ஆனால் விசில் சத்தம் இல்லை.

"இடிக்காம விட்டுட்டாங்களா?" என்றாள் மனைவி.

"விட்டுட்டாங்க. இடம் சுருங்கிடுச்சு, இனிமே ஒரு நேரத்துக்கு ஒரு சோபாதான் வைக்கலாம்."

"ஒண்ணு போதும்" என்று அவள் நகர்ந்து, பெஞ்சில் அவருக்கு இடம்விட்டாள்.