கதவைத் தட்டியவள்

விறைத்துப்போன உடம்புக்குச் சட்டை போடுவது எப்படி என்று தையல்காரிக்குத் தெரியும். முதுகுப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டிவிட்டால், கைகளை நுழைத்து ஓரங்களை அடியில் செருகிவிடலாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையை ஒரே மூச்சில் வெட்டினாள். துணி பிளக்கும் சத்தம் காதுக்கு இதமாகவே இருந்தது.

"மெதுவாக்கா," என்றான் தம்பி.

"அவருக்கு வலிக்காதுடா."

வெளியே கூடம் நிறைந்திருந்தது. தெய்வ மனுஷன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று ஆளாளுக்கு உருகிக்கொண்டிருந்தார்கள். உருகட்டும். அந்த வாய் யாரையெல்லாம் கடித்தது என்று அவளுக்கல்லவா தெரியும்!

அப்பா பிள்ளைகள் மேல் கைவைத்ததே இல்லை. சாயங்காலப் பிரார்த்தனையில் அவரவர் தப்பைக் கடவுளிடம் உரக்கச் சொல்வார். ஜன்னல்களைத் திறந்துவைத்திருப்பார், தெருவே கேட்கும். "என் மகன் பொய் சொன்னான். அவனை மன்னித்தருளும்." உடனே எல்லோரும் "அப்படியே ஆகட்டும்" சொல்ல வேண்டும். தப்புச் செய்தவனும்தான்.

"அக்கா, நீ என்ன பண்ணப்போறேன்னு தெரியும்," தம்பி குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு வேணாம். இத்தனை பேர் முன்னாடி மானம் போயிடும்."

"யாரு மானம்?"

அவன் அப்பாவின் பொத்தான்களைப் போட்டான்.

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று அவளுக்குப் பதினைந்து வயது. பத்து வயதுத் தம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா பிரார்த்தனை அறைக்குள் தாழிட்டிருந்தார். "அப்பா, அம்மாவுக்கு என்னமோ ஆகுது!" என்று கை வீங்கக் கதவைத் தட்டினாள். உள்ளே குரல் ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் உரக்கத் தொடர்ந்தது. அவர் வெளியே வந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம், அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தில், அவர் கண்ணை மூடினார். "என் மகள் பிரார்த்தனை நேரத்தில் கதவைத் தட்டினாள். அவளை மன்னித்தருளும்." அவளும் "அப்படியே ஆகட்டும்" என்றாள். அதற்காக முப்பது வருடம் கறுவிக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் கூடத்துக்குத் தூக்கிவந்தார்கள். அவரோடு கூடவே பிரார்த்தனை செய்து நரைத்த வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூத்தவ நீதானேம்மா. அப்பா மாதிரியே நாலு வார்த்தை சொல்லு."

"அப்பா மாதிரியேவா?"

"ஆமாம்மா. அப்படியேதான்."

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டு போய், தெருப்பக்க ஜன்னல்கள் இரண்டையும் திறந்துவிட்டு வந்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"கடவுளே, அம்மா மூச்சுக்குத் தவித்தபோது நான் கதவைத் தட்டியது என் அப்பாவுக்குக் கேட்டது. கேட்டும் அவர் திறக்கவில்லை. அவரை மன்னித்தருளும்."

பழக்கதோஷம் பொல்லாதது. "அப்படியே ஆகட்டும்" என்று கூடம் முழங்கியது; வாத்தியார் குரல்தான் முந்தியது. அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

தம்பி மட்டும் சொல்லவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து, தனியாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"அப்படியே ஆகட்டும்."

அவள் குனிந்து அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். முன்பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லை.