அடித்தவனுக்குப் பதிப்புரிமை

இப்போது அந்தக் கை இறங்கும். இறங்குவதற்கு முன்னால் நான் ஏன் ஒலியை நிறுத்தினேன்? சத்தம் கேட்காவிட்டால் அவளுக்கு வலிக்காதா? இல்லை, எனக்கு வலிக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஹன் தாஹே இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கை இறங்கியது. கையில் இருந்தது குழம்புச் சட்டியின் இரும்பு மூடி. அது நேரலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிரே என்ற பெண்ணின் இடது காதில் பட்டது. அவள் தலை மேசையில் மோதியது. நூடுல்ஸ் கிண்ணம் கவிழ்ந்து சிவப்புக் குழம்பு கன்னத்தில் வழிந்தது. குழம்பு எது, ரத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. திரையின் ஓரத்தில் ரசிகர்கள் காசு கொடுத்து அனுப்பிய பலூன்கள் மேலே எழும்பிக்கொண்டே இருந்தன. ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று விழுந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் காகிதக் கோப்பையில் காபியோடு இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் நேரலை நடத்துகிறவர்களை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனம் அது. சியோலில், குரோ பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நடு மாடி. அங்கே உரிமைப் பாதுகாப்புப் பிரிவில் தாஹேவுக்கு வேலை. நிறுவனத்தின் பாட்டையோ படத்தையோ யாராவது திருடிப் போட்டால், ‘இது எங்களுடையது, நீக்குங்கள்’ என்று அந்தத் தளத்துக்கு எழுத வேண்டும். எழுதுவது உண்மை என்று ஒரு மனிதர் தன் பெயரில் உறுதிமொழி தரவேண்டும். எப்போதும் அது தாஹேவின் பெயர்தான்.

அந்த வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. ஒரு முறை, மேடை கிடைக்காத பாடகர் ஒருவரின் பாட்டை எவனோ தன் பெயரில் விற்றுக்கொண்டிருந்தான். தாஹே அதை நிறுத்தினாள். அந்தப் பாடகர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து குனிந்து வணங்கினார். சட்டம் ஏழைக்கும் கதவு திறக்கும் என்று அன்று அவள் நம்பினாள்.

இன்று நீக்கச் சொல்லவேண்டியது பாட்டை அல்ல. ‘வாளி’ என்ற மென்பொருளை. இணையத்தில் ஓடும் காணொளியை இறக்கி வைத்துக்கொள்ள உதவும் சின்னக் கருவி அது. அதைச் செய்தவர்கள் செய்முறையை ஒளிக்காமல், யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு பக்கத்தில் பொதுவில் வைத்திருந்தார்கள். நிறுவனம் உள்ளே ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, மிரேவை அடித்த ஒளிபரப்பைத் தளத்திலிருந்து அன்றே அழித்துவிட்டது. ஆனால் அடிபட்ட பெண்களுக்கு உதவும் சங்கத்தில் ஒருத்தி அதற்குள் வாளியால் அதை இறக்கி வைத்துவிட்டாள். போலீஸ் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பிரதிதான். மிரேவின் செவிப்பறை கிழிந்திருந்தது. தாடையில் கம்பி வைத்திருந்தார்கள்.

பிரிவுத் தலைவர் பியோ பல் குத்திக்கொண்டே வந்து நின்றார்.

“என்ன மிஸ் ஹன், இன்னும் அனுப்பலையா? ஒரு பொத்தான அமுக்க நல்ல நேரம் பாக்கறீங்களா?”

“வாளியச் செஞ்சவங்க நம்மகிட்ட எதையும் திருடலையே, சார்.”

“வாளிக்குள்ள நம்ம காண்டாமிருகத்தோட பாட்டுக்கான இணைய முகவரி இருக்குல்ல?”

காண்டாமிருகம் என்பது குவாக் தேசிக் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர். மூடியைப் பிடித்திருந்த கை அவனுடையது.

“கருவி ஓடுதான்னு சோதிச்சுப் பாக்க வச்ச முகவரி சார் அது. எடுங்கன்னா எடுத்துடுவாங்க.”

“எடுங்கன்னு யார் கேக்கப் போறா? பக்கத்தையே மூடச் சொல்றோம். இன்னைக்குக் காலைல நம்ம ஒளிபரப்புத் தளத்தோட பூட்ட மாத்தியாச்சு. பக்கத்த மூடிட்டா புதுப் பூட்டுக்கு ஏத்த வாளி வராது, அது இல்லாம அந்தப் பொம்பளைங்களால எதையும் இறக்க முடியாது. காண்டாமிருகத்தோட மத்த பழைய ஒளிபரப்பையெல்லாம் சாயந்திரம் அழிச்சுடுவோம். கதை முடிஞ்சுது.”

அந்தப் பழைய ஒளிபரப்புகளிலும் மிரே அடி வாங்கியிருந்தாள். பார்க்க ஆள் வந்ததால் நிறுவனம் இத்தனை நாள் அவற்றை விட்டுவைத்திருந்தது.

பியோ குனிந்து திரையைத் தொட்டுக் காட்டினார். ‘இந்தக் கருவியால் திருடப்பட்ட படைப்புகள்’ என்ற இடம் அது. “இங்க அந்தச் சண்டைய எழுதுங்க. ‘முன்பே எழுதி ஒத்திகை பார்த்த நகைச்சுவைக் காட்சி’ன்னு. நாளைக்குக் கோர்ட்ல கேட்டா, பாருங்க, அப்பவே உறுதிமொழி குடுத்துச் சொல்லியிருக்கோம்னு காட்டலாம்.”

அவர் போனதும் தாஹே காணொளியை முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை ஒலியோடு.

ஒத்திகை பார்த்தவள் எப்படி இருப்பாள்? இந்த மிரே, அவன் குரல் மாறியவுடனே, பேச்சை நிறுத்தாமல், சிரிப்பையும் நிறுத்தாமல், இரண்டு காதிலும் இருந்த தோட்டைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தாஹே கவனித்தாள். சிறுவயதில், அப்பாவின் காலடி வாசலில் கேட்டதும் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைப்பாள். உடைந்தால் வேறு வாங்க முடியாது. அடியைத் தடுக்க முடியாதவள் தடுக்க முடிந்ததையாவது காப்பாற்றிக்கொள்கிறாள். இதை யாரும் நாடகத்தில் எழுதித் தருவதில்லை.

இந்த மிரேதான் குளிர்காலத்தில் அலுவலகம் வரும்போதெல்லாம் மீன் வடிவில் சுட்ட சூடான இனிப்பு அப்பப் பொட்டலத்தை நீட்டி, “அக்கா, வால எனக்கு வைங்க, அதுதான் மொறுமொறுன்னு இருக்கும்” என்பாள்.

“அக்கா, சாப்பிட்டீங்களா?”

தாஹே திடுக்கிட்டுத் திரும்பினாள். குவாக் தேசிக் நின்றிருந்தான். பின்னால் பியோ.

“அண்ணே சொன்னாரு, அக்கா கைய பொத்தான் கடிக்குதாம்.”

“எங்க ஒத்திகை பார்த்தீங்க?” என்று கேட்டாள் தாஹே. கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“என்னது?”

“நகைச்சுவைக் காட்சின்னு எழுதணும். எங்க ஒத்திகை பார்த்தீங்கன்னு தெரிஞ்சா எழுதறேன்.”

அவன் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் அவன் கையிலிருந்த காபிக் கோப்பை அவள் முகத்தில் வந்து விழுந்தது. கண் எரிந்தது. அவன் அவள் தலைமுடியைப் பின்னாலிருந்து பற்றி முகத்தைத் திரைக்கு நேராக அழுத்தினான். மூக்கு திரையின் கண்ணாடியில் நசுங்கியது. மறு கையால் அவள் வலக்கையைச் சுட்டியின் மேல் வைத்து அமுக்கினான்.

“அமுக்குடி! எழுதினது போதும், அமுக்கு!”

அவள் ஆட்காட்டி விரலை மடக்கிக்கொண்டாள். அவன் அதை நிமிர்த்தினான். நிமிர்ந்த விரல் நிற்காமல் பின்னால் போனது. குச்சி முறிகிற சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டது. அங்கிருந்தவர்கள் தங்கள் திரைகளைப் பார்த்தார்கள்.

“தம்பி! தம்பி, விடு!” பியோ ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். “மேல பாரு. கேமரா இருக்கு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். உடனே விட்டான்.

தாஹேவின் மூக்கிலிருந்து ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. வலியைவிட ஒரு எண்ணம் அவளுக்குள் கூர்மையாக இருந்தது. இவனால் நிறுத்த முடிகிறது. காசு தராத கேமரா என்றால் நிறுத்துகிறான். காசு தருகிற கேமரா என்றால் அடிக்கிறான். மேலே இருக்கும் கேமராவில் பதிந்த நானும் நிறுவனத்துக்குச் சொந்தம்தான். மிரேவோடு சேர்த்து என்னையும் சாயந்திரம் அழித்துவிடுவார்கள். யாரிடமாவது ஒரு வாளி இருந்தால்தான் உண்டு.

பியோ கைக்குட்டையை நீட்டினார். “தொடைங்க, மிஸ் ஹன். ஆஸ்பத்திரிச் செலவு நம்மளுது. தம்பிக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி, அவ்வளவுதான். அந்தக் கை வலிச்சா மத்தக் கை சும்மாதானே இருக்கு? அமுக்கிட்டுக் கிளம்புங்க.”

தாஹே கைக்குட்டையை வாங்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“யாராவது பாட்டத் திருடினாச் சொல்லுங்க சார், ஒடிஞ்ச கையாலயே எழுதறேன். பாடினவனுக்குப் பாட்டு சொந்தம். அடிச்சவனுக்கு அடி சொந்தமில்ல, அதுக்குப் பேரு குத்தம். பாடறவனக் காப்பாத்த வந்த சட்டத்தக் கொண்டுபோய் அழறவ வாயப் பொத்தினா, திருடினவனவிட நாமதான் சார் கேவலம்.”

“பிரசங்கம் பண்ணுது பாரு!” என்றான் குவாக்.

அவள் எழுந்து நாற்காலியைப் பியோ பக்கம் தள்ளினாள். “அது நடிப்புத்தான்னு நீங்க நம்பினா, உங்க பேரப் போட்டு அனுப்புங்க.”

“போடுங்கண்ணே. அவ என்ன பெரிய இவளா?”

பியோ திரையைப் பார்த்தார். பெயர் எழுதும் கட்டத்துக்குக் கீழே, சொன்னது பொய்யானால் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்ற வரி இருந்தது. அவர் அதை மெதுவாகப் படித்தார். பிறகு இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அண்ணே?”

பியோ தாஹேவைப் பார்த்து, கெஞ்சுகிறவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“வேலைய நெனச்சுப் பாருங்க, மிஸ் ஹன். ஒரே ஒரு தடவ.”

“மாட்டேன், சார்,” என்றாள் தாஹே.