பீடத்து ரொட்டியைத் தின்றது யார்?

“ஆலயச் சாவி யார் கையில இருந்துச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!” என்று சபை மூப்பர் கிரட்ச்லி சபைக் கூடத்து மேசையைத் தட்டியதில் என் தேநீர்க் கோப்பைகள் எல்லாம் துள்ளின.

“ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உங்ககிட்ட” என்றார் ஹியூபர்ட் லம்லி, ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்.

“என் சாவியைப் பத்தி யாருய்யா கேட்டா? போதகரய்யா, இந்த ஆளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்புங்க!”

ஹியூபர்ட் குடியிருந்தது ஆலயத்துக்குச் சொந்தமான வீடு. வேலை போனால் கூரையும் போகும்.

மறுநாள் ஞாயிறு, அறுப்புப் பண்டிகை. பீடத்தின் முன்னால் பூசணியும் ஆப்பிளும் குவித்து, நடுவில் நோரா டாப்லி சுட்ட பெரிய ரொட்டியை நிறுத்தியிருந்தோம். கோதுமைக் கதிர்க்கட்டு மாதிரியே பின்னிய ரொட்டி. அதன்மேல் மாவிலேயே செய்த ஒரு சின்ன எலி, கண்ணுக்கு உலர்ந்த திராட்சை. அந்த எலி ஏறாவிட்டால் எங்கள் ஊரில் அறுப்பே முடியவில்லை என்று அர்த்தம். பூ வைத்த பெண்கள் காற்று வாங்க வெளியே போய்த் திரும்புவதற்குள், பூட்டியிருந்த ஆலயத்திலிருந்து ரொட்டியைக் காணோம். அந்த நேரம் உள்ளே ஆர்கன் பழகிக்கொண்டிருக்க வேண்டியவர் ஹியூபர்ட்.

“எங்கய்யா போயிருந்தே?” என்றார் கிரட்ச்லி.

ஹியூபர்ட்டின் காதுகள் சிவந்தன; குனிந்து, அவிழாத காலணி நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

எனக்குத் தெரியும். என் சமையலறை ஜன்னல் நோராவின் ரொட்டிக்கடைப் பின்வாசலைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலை அங்கே வைத்தது நானல்ல. தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு அவர் அங்கே நின்றதும், மூக்கில் மாவோடு நோரா சிரித்ததும் கண்ணில் பட்டுத் தொலைத்தன. சொன்னால் பெண்ணின் பெயர் ஊர் வாயில் விழும். என் வாய் கணக்கில் சேராது. ஆகவே தேநீர் ஊற்றிக்கொண்டே கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

கிரட்ச்லிக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். அடுத்த நாற்காலிக்குப் போவதற்குள் “இன்னும் கொஞ்சம்” என்றார். மற்றவர்களின் தேநீரில் ஆடை கட்டியது. இவருக்கு ஊற்றி ஊற்றி என் கை ஓய்ந்தது. மனிதரா, வறண்ட கிணறா?

கிரட்ச்லி தம்பதியர் வசந்தத்தில்தான் லண்டனிலிருந்து வந்தவர்கள். வைத்தியர் சொன்னாரென்று மனைவி க்வெண்டோலின் அவருக்கு வேகவைத்த முட்டைக்கோஸைத் தவிர எதையும் கண்ணில் காட்டுவதில்லை.

“நோரா, இந்த வருஷமும் வழக்கம்போல உப்புப் போட்டியாம்மா?” என்று எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ரெண்டு கை கூடவே போட்டேன், மிஸஸ் பண்ட்டிங். பூசணம் பிடிக்காம பீடத்துல நிக்கணுமே! அது பார்க்கிற ரொட்டி, திங்கிற ரொட்டியா? தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

தொட்டில் பிள்ளை எங்கள் ஊரில் பிறந்தது. கிரட்ச்லியின் கோப்பை பாதி வழியில் நின்றது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்து நாற்காலியில் இருந்த க்வெண்டோலின் கணவரின் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். எலி வந்தது, ஒரு காது இல்லாமல்.

“ஆம்புரோஸ்!” என்று கணவரை அதட்டினாள்.

“ஓரத்துல கொஞ்சம் கிள்ளித்தான் பார்த்தேன், க்வென். கோணலாப் போச்சு. நேராக்கலாம்னு இன்னொரு பக்கம்... மீதி மணிக்கூண்டுல இருக்கு.”

“அவ்வளவு உப்பு கரிச்சுமா தின்னீங்க?” என்றாள் நோரா.

“அந்தக் கோஸைத் தின்னு பாரும்மா, அப்புறம் பேசு!”

போதகர் இருமுவதுபோல் கைக்குட்டைக்குள் சிரித்தார். பிறகு, “ஹியூபர்ட், எங்க இருந்தேன்னு சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து வேணுமா?” என்றார்.

நோரா எழுந்தாள். “என் கடைப் பின்வாசல்ல இருந்தார், போதகரய்யா. கல்யாணம் பேச வந்தவர், பன் இருக்கான்னு கேட்டுட்டுப் போயிட்டார்.”

“இப்பக் கேட்கட்டுமா?” என்றன சிவந்த காதுகள்.

“கேளுங்க, சாட்சிக்கு ஆளா இல்லை?”

ஞாயிறன்று புது ரொட்டிமேல் அதே ஒற்றைக்காது எலி ஏறியிருந்தது. ஹியூபர்ட் வாசித்த வாசிப்பில் ஒரு பூசணி படியிறங்கி உருண்டு கிரட்ச்லியின் காலடியில் போய் நின்றது. அவர் தொடவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் ஹியூபர்ட்டுக்கும் நோராவுக்கும் கல்யாணம். கிரட்ச்லி தம்பதியர் காற்று நல்லதென்று கடற்கரை ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்குள்ள ஆலயத்தில் ரொட்டி வைக்கும் வழக்கம் இல்லையாம்; க்வெண்டோலின் அதை விசாரித்த பிறகுதான் வீடு பார்த்தாள்.