வண்டியின் அடியில் செம்மண்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. மதுரையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இன்னொரு பெண். மெக்கானிக் எங்கள் முன்னாலேயே நின்றுகொண்டு, அவள் வண்டி எங்கெல்லாம் போயிருக்கும் என்று அவள் கணவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. கோபத்தோடு எழுதக் கூடாது என்பார்கள். சரி, நிதானமாகவே ஆரம்பிக்கிறேன்.

ரோகிணிக்குக் கார் என்றால் உயிர். காலை வெயிலில் அதன்—

வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.

ரோகிணி பாவம்—

இல்லை. பாவமெல்லாம் இல்லை. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். கார் அவள் சம்பளத்தில் வாங்கியது.

2

அவள் வீடு மதுரை விளாங்குடியில். அடுத்த தெருவில் அழகுபாண்டியின் ஒர்க்‌ஷாப். அவன் ரோகிணியின் கணவன் ஜெயபாண்டிக்கு மாமா மகன். "நம்ம அழகு இருக்கையில வெளிய எதுக்கு விடணும்?" என்று வண்டி வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. (நிறம் கேட்டார்கள். அதை மறைக்கக் கூடாது.)

ஆயில் மாற்ற விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனாள்.

"என்ன தங்கச்சி, வண்டி இம்புட்டு ஓடியிருக்கு? காலேசுக்கும் வீட்டுக்கும் போனா இதுல பாதி வராதே," என்றான் அழகுபாண்டி.

"ஓட்டத்தானண்ணே வாங்குனது."

"அதுக்கில்ல, ராத்திரி எவனும் களவாண்டு ஓட்டிட்டு வந்து நிப்பாட்டிருறாய்ங்களோன்னு பாத்தேன்!"

பானட்டுக்குள் தலையை விட்டிருந்த கடைப் பையன் சோணை சிரித்தான். ரோகிணியும் சிரித்தாள். (அந்தச் சிரிப்பை எழுதி எழுதி அடித்துப் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள்.)

அவள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"அழகு போன் பண்ணினான். அடியில செம்மண்ணா அப்பிக் கெடக்காம். நீ போற பாதையில செம்மண்ணு எங்க இருக்கு?" என்றான் ஜெயபாண்டி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க மாப்ள ஆயில் மாத்துனாரா, துப்புத் துலக்குனாரா?"

"அவன் நல்லதுக்குத்தான சொல்றான். எங்க போன, அதச் சொல்லு."

3

இந்த இடத்தில் நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். எங்கே போனாள்?

பதில்கள் எழுதிப் பார்த்தேன். உடம்பு முடியாத சிநேகிதியைப் பார்க்கப் போனாள்: நீங்கள் உச்சுக்கொட்டி மன்னித்திருப்பீர்கள். ஒருவனைப் பார்க்கப் போனாள்: நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சும்மா ஓட்டிப் போய், ஒரு மரத்தடியில் நிறுத்தி, வேர்க்கடலை தின்றுவிட்டுத் திரும்பினாள்: நம்பியிருக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். எதை எழுதினாலும் அது ஜெயபாண்டிக்கு நான் சொல்லும் பதிலாகிவிடுகிறது.

(அவனைக் கெட்டவனாக்கவும் முயன்றேன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் அவன் ஒருவனை வெறுத்துவிட்டுக் கதையை முடித்திருக்கலாம்.)

4

அடுத்த சர்வீஸை அழகுபாண்டியிடம் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். கவுண்டரில் இருந்த பெண், "சார் நம்பர் சொல்லுங்க மேடம்," என்றாள்.

"எந்த சார்?"

"வீட்டு சார் மேடம். என்ன வேலைன்னு சார்கிட்ட கேட்டுட்டுத்தான பாக்கணும்."

"வண்டி என்னோடது."

"சரிங்க மேடம். சார் நம்பர்?"

அங்கிருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் ஓட்டினாள். முன்பின் தெரியாத ஒர்க்‌ஷாப். வண்டியைச் சுற்றி வந்த பெரியவர், பின்கண்ணாடியில் அழகுபாண்டி ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார்.

"அட, நம்ம அழகு பாக்குற வண்டியா! அவன விட்டுட்டா இம்புட்டு தூரம் வந்தீக? இரும்மா, என்னன்னு ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கிறேன்."

"நான் எங்கே போனால் உங்களுக்கென்னய்யா" என்று ரோகிணி கத்தினாள்—

கத்தவில்லை. கத்தியது நான். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் நிறுத்தி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது. நகம் ஒடிந்தது.

5

மூன்றாவதாக ஓரிடத்தில் விட்டாள். எந்தப் பகுதி, யார் கடை என்று எழுத மாட்டேன். எழுதினால் மதுரையில் யாராவது ஒருவர் அழகுபாண்டிக்குச் சொல்லிவிடுவார். "பிரேக்குல சத்தம் வருதாக்கா?" என்றார்கள். "வருது," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ரோட்டுக்கு வந்தபோது ஜெயபாண்டியின் போன்.

"அழகுகிட்ட வண்டி வரலையாம்ல. எங்க விட்ருக்க?"

"சர்வீசுக்கு விட்ருக்கேன்."

"அதான் எங்கங்கிறேன்."

"முடிஞ்சதும் நானே எடுத்துட்டு வாரேன்."

வைத்துவிட்டாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். (தைரியசாலி என்று எழுத ஆசைதான். அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள்.)

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"எங்கக்கா போகணும்?"

ரோகிணி சொன்னாள். வீட்டுக்கா, வேறெங்காவதா என்பது அவர் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அவர் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும், அதனால் கேட்டார்.

உங்களுக்கு எதற்கு?